பராக்கிரம பாண்டியன் யாரை வணங்கினான்?
தென்காசி, குற்றாலம், ஸ்காட்லாந்தின் புதுநகரங்கள்: ஊர் அமைத்தலும் ஊர் காத்தலும்

ஆனி, ஆடி மாதங்களில் தென்காசிக் கோயிலுக்குப் போகிறவர்கள் சுவாமி சன்னதி பஜாரிலேயே வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொள்வது நல்லது. ராஜகோபுர வாசலில் கால் வைத்ததும் மேற்கிலிருந்து காற்று வந்து நெஞ்சில் மோதும். தோள் துண்டு பறக்கும், அர்ச்சனைத் தட்டிலிருந்து உதிரிப்பூ பறக்கும். இன்னும் சில அடி உள்ளே போனால் அதே காற்று முதுகுப் பக்கம் வந்து உள்ளே தள்ளுவதுபோல் இருக்கும். வாசலில் தடுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு கூட்டிக்கொண்டு போகிற காற்று என்று ஊரில் சொல்வார்கள். காரணம் மலையில் இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை ஆரியங்காவுப் பக்கம் தாழ்ந்து வழிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடுக்கில் நுழைந்து செங்கோட்டை, தென்காசி வழியாகக் கிழக்கே பாய்கிறது. இந்த வட்டாரத்துக் காற்றாலைகள் சுற்றுவதும் அந்தக் காற்றில்தான்.

இந்தக் கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் பாடல் வடிவில் சில கல்வெட்டுகளை இங்கே விட்டுப்போயிருக்கிறான். அவற்றில் ஒன்றின் பொருள் இது: இந்தக் கோயிலுக்கு என்றைக்காவது ஒரு பழுது வந்து, அதை எவர் வந்து சரிசெய்தாலும், உலகம் அறிய அவரை இப்போதே பணிகிறேன். அறத்தைக் காப்பவர் பாதம் என் தலைமேல் என்று முடிப்பது கல்வெட்டு மரபில் புதிதல்ல. அழிப்பவனுக்குக் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவம் சேரும் என்று சாபம் வைப்பதும் உண்டு. பாண்டியன் சாபத்தை விட்டுவிட்டு வணக்கத்தை மட்டும் எடுத்துத் தனிப் பாட்டாக்கினான். இன்னும் பிறக்காத, பெயர் தெரியாத, ஒருவேளை பகைவர் குலத்தில் பிறக்கப்போகிற ஒருவருக்கு முன்கூட்டியே கும்பிடு போட்டான்.

பக்திப் பாட்டாகவே இதுவரை இதைப் படித்து வந்திருக்கிறோம். ஒரு புது ஊரின் திட்ட ஆவணத்தில் உள்ள பராமரிப்பு விதியாகவும் இதைப் படிக்க முடியும். ஊர் அமைப்பவர்கள் எப்போதும் இரண்டு கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். எதை எங்கே கட்டுவது என்பது முதற்கேள்வி. கட்டியதை யார் பார்த்துக்கொள்வது என்பது இரண்டாவது. முதற்கேள்விக்கு வரைபடம் போதும். இரண்டாவதுக்கு வரைபடத்தில் இடமே கிடையாது. ஆனால் ஊர் நிலைப்பதும் சரிவதும் அந்த இரண்டாவது பதிலைப் பொறுத்துத்தான். தென்காசியையும், அதன் தோளில் கிடக்கும் குற்றாலத்தையும், கடல் கடந்த ஸ்காட்லாந்தின் புதுநகரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது தெளிவாகிறது.

செண்பகவனத்தில் ஒரு தலைநகரம்

தென்காசி தானாக முளைத்த ஊரல்ல, உண்டாக்கிய ஊர். 1311இல் மாலிக்காபூர் படையெடுப்பு, அதன்பின் மதுரை சுல்தான்கள், 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விஜயநகரத்துக் குமார கம்பணன் வருகை என்று அடுத்தடுத்து விழுந்த அடிகளில் பாண்டியர் மதுரையை இழந்தார்கள். எஞ்சிய கிளை தெற்கே, பொதிகை மலையடிவாரத்துக்கு ஒதுங்கியது. 1422இல் பட்டமேறிய பராக்கிரம பாண்டியன் 1446இல் காசி விசுவநாதர் கோயில் வேலையைத் தொடங்கினான்.

இடத்தை எப்படித் தேர்ந்தெடுத்தான் என்பதற்கு ஊரில் ஒரு கதை உண்டு. கனவில் வந்த சிவபெருமான், எறும்புச் சாரை ஒன்றைப் பின்தொடர்ந்து போ, அது முடியும் இடத்தில் கோயில் கட்டு என்றாராம். சாரை சிற்றாற்றங்கரையில் செண்பகவனத்துக்குள் போய் நின்றது. எறும்பு ஈரமும் மேடும் பார்த்துப் புற்று வைக்கும் உயிர். வெள்ளம் ஏறாத, ஆனால் தண்ணீருக்குப் பக்கத்திலுள்ள நிலம் என்ற நல்ல மனையடித் தேர்வையே கதை தன் பாஷையில் சொல்கிறது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

எறும்பை விட்டுவிட்டு நாட்டுப்படத்தைப் பார்த்தாலும் தேர்வு சரியாகவே இருக்கிறது. மேற்கே ஆரியங்காவுக் கணவாய், கொல்லம் கரைக்கும் பாண்டி நாட்டுக்கும் இடையிலான வாசல். மலையிலிருந்து இறங்கி வரும் சிற்றாறு, அதில் ஒன்றன்பின் ஒன்றாக அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து குளங்களுக்குப் பிரியும் கால்கள். மதுரைக்கு எட்டாத தொலைவு. பாதுகாப்பு, வாணிகம், நெல் மூன்றும் ஓரிடத்தில் கூடுகின்றன.

இவ்வளவும் இருந்தாலும் ஆட்கள் வந்து குடியேற ஒரு காரணம் வேண்டும். பாண்டியன் காசியையே இங்கு வரவழைத்தான். வடக்கே கங்கைக் கரைக்கு நடக்க முடியாதவர்களுக்குத் தெற்கே ஒரு காசி. புதுநகர் அமைக்கும் அரசுகள் இன்று முதலில் ஒரு பெரிய ஆலையையோ பல்கலைக்கழகத்தையோ கொண்டுவந்து நட்டுவிட்டுப் பிறகு மனை பிரிக்கின்றன. 15ஆம் நூற்றாண்டில் அந்த வேலையைச் செய்யக்கூடியது பெருங்கோயில். கோயில் வந்தால் தேவதான நிலம் வரும், நிலத்துக்கு நீர்ப்பாய்ச்சல் வரும், அர்ச்சகர், ஓதுவார், மேளக்காரர், தச்சர், கருமார், எண்ணெய் ஆட்டுபவர், பூக்கட்டுபவர் என்று வேலைக்காரக் குடிகள் வரும். திருவிழா வந்தால் சந்தை வரும். தென்காசியில் இன்றும் ஒரு கடைத்தெருவின் பெயர் கூலக்கடை பஜார். கூலம் என்றால் தானியம் என்பது பேச்சில் மறந்துபோன பிறகும், பெயர்ப்பலகையில் அந்தப் பழஞ்சொல் இருக்கிறது.

கோபுர வேலை பின்னால் தொடங்கியது. அது முடிவதைப் பார்க்காமலே 1463இல் பாண்டியன் இறந்தான். தம்பி குலசேகர பாண்டியன் முடித்து வைத்தான். பழுது பார்ப்பவரை வணங்கிய பாட்டுக்கு முதல் சொந்தக்காரன் தம்பிதான் என்றுகூடச் சொல்லலாம். அடுத்த நூற்றாண்டில் இதே மரபில் வந்த அதிவீரராம பாண்டியன் ‘நைடதம்’, ‘காசிகாண்டம்’, ‘வெற்றிவேற்கை’ என்று நூல்கள் எழுதினான். பாண்டியர் கிளை அரசியலில் சுருங்கிச் சுருங்கி 17ஆம் நூற்றாண்டில் வரலாற்றிலிருந்து மறைந்தது. அவர்கள் உண்டாக்கிய ஊர் மறையவில்லை.

தேர் போட்ட அளவு

ஏன் மறையவில்லை? கோயிலைச் சுற்றி நான்கு ரதவீதிகளில் ஒரு நடை போனால் பதிலின் பாதி கிடைக்கும்.

மாசி மகத் திருவிழாவில் தேர் ஓடும். ஐப்பசித் திருக்கல்யாணத்துக்கு அம்பாள் உலகம்மனின் தேர் ஓடும். தேரின் நேரோட்டத்தில் பெரிய வித்தையில்லை, வடம் பிடிக்க ஆள் இருந்தால் போதும். வித்தை முழுவதும் வீதி மூலையில். தேருக்குத் திருப்புகோல் கிடையாது. சக்கரத்தின் முன்னால் முட்டுக்கட்டையைச் சரியான சாய்வில் கொடுத்து, உருளும் சக்கரம் அதில் உரசிக் கொஞ்சம் திரும்ப, மறுபடி கட்டையை எடுத்து மறுபடி கொடுத்து, விரற்கடை விரற்கடையாகத்தான் தேரை அடுத்த வீதிக்குத் திருப்புவார்கள். கட்டை போடுகிறவர் ஒரு கணம் தவறினால் கை போகும். அவ்வளவு பெரிய மரமலை அப்படித் திரும்ப வேண்டுமென்றால் மூலை அகலமாக இருந்தாக வேண்டும். எந்த வீட்டுத் திண்ணையும் நீளக்கூடாது, எந்தக் கடைத் தாழ்வாரமும் துருத்தக்கூடாது. வீதியில் பள்ளம் இருக்கக்கூடாது.

ஆக, ஆண்டுதோறும் ஒரு நாள் வீதியின் அளவு சோதிக்கப்படுகிறது. தேர் நாளுக்கு முன் பந்தற்கால்கள் பிடுங்கப்படும், பள்ளங்கள் நிரவப்படும், மின்வாரிய ஊழியர்கள் ஏணியோடு வந்து குறுக்கே போகும் கம்பிகளைக் கழற்றுவார்கள். ஆக்கிரமிப்பை அகற்ற நகராட்சி அனுப்பும் நோட்டீசுக்கு அசையாத தகரக் கூரை, தேர் வருகிறது என்றால் அசையும். வீதியின் அகலத்தைப் பட்டயத்தில் எழுதிவைத்திருந்தால் என்றோ செல்லரித்திருக்கும். அதைத் தேரின் அச்சு நீளத்தில் எழுதிவைத்ததால் 500 ஆண்டுகளுக்குப் பிறகும் ஊர் அதை ஆண்டுதோறும் வாசிக்கிறது. கோயில் நகரத்தின் திட்டக் குழு தேர்தான் என்று சொன்னால் மிகையில்லை.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடமுடியாது. இந்த வீதிகள் எல்லாருக்குமான வீதிகளாக இருக்கவில்லை. கோயிலுக்கு எவ்வளவு பக்கத்தில் குடியிருக்கலாம், எந்த வீதியில் நடக்கலாம், எந்த வாசலோடு நின்றுவிட வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்தது. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசத்துக்கு 1939இல்தான் சட்ட வழி திறந்தது. நன்றாகப் பராமரிக்கப்பட்ட நகரம் என்று சொல்லும்போது, யாருக்காகப் பராமரிக்கப்பட்டது என்ற கேள்வி கூடவே வருகிறது. அந்தக் கேள்வி தென்காசிக்கு மட்டும் உரியதுமல்ல.

சுரங்கத்தில் ஏறிய தண்ணீர்

தென்காசிக்கு முந்நூறு ஆண்டுகள் பிந்தி, 1767இல், ஜேம்ஸ் கிரெய்க் என்ற இளைஞர் வரைந்த திட்டத்தை ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகர மன்றம் ஏற்றுக்கொண்டது. நெரிசலில் மூச்சுத் திணறிய பழைய நகரத்துக்கு வடக்கே, இடையிலிருந்த ஏரியை வடித்துவிட்டு, நேரான வீதிகளும் இரு முனைகளிலும் சதுக்கங்களுமாக ஒரு புதுநகர் எழுந்தது. வசதியுள்ளவர்கள் அங்கே போனார்கள். ஏழைகள் பழைய நகரின் அடுக்குமாடிகளிலேயே நெருக்கியடித்துக் கிடந்தார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இதே ஆசை மக்கள் நல அரசின் உடை போட்டுக்கொண்டு வந்தது. கிளாஸ்கோவின் தொழிலாளர் குடியிருப்புகள் அன்றைக்கு ஐரோப்பாவின் மிக மோசமான நெரிசல்களில் ஒன்று. 1946இல் பிரிட்டன் புதுநகரச் சட்டம் கொண்டுவந்தது. அதன்கீழ் ஸ்காட்லாந்தில் ஐந்து நகரங்கள் உண்டாயின: ஈஸ்ட் கில்பிரைடு 1947இலும், கிளென்ராத்தஸ் 1948இலும், கம்பர்நால்டு 1955இலும், லிவிங்ஸ்டன் 1962இலும், இர்வின் 1966இலும் அறிவிக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வளர்ச்சிக் கழகம். நிலம் வாங்குவது, வீடு கட்டுவது, தொழிற்சாலையை அழைத்து வருவது, பூங்கா வைப்பது எல்லாம் அதன் கையில்.

இவற்றில் கிளென்ராத்தஸ் கதை நம் கதைக்கு நெருக்கமானது. ஃபைஃப் வட்டாரத்தில் ராத்தஸ் என்ற பெரிய நிலக்கரிச் சுரங்கம் தோண்டப்பட்டது. அதன் தொழிலாளருக்கான நகரமாகத்தான் கிளென்ராத்தஸ் வரையப்பட்டது. 1957இல் அரசி எலிசபெத் நேரில் வந்து சுரங்கத்தைத் திறந்துவைத்தார். ஆனால் பூமிக்கடியில் தண்ணீர் பிடிவாதமாக இருந்தது. இறைக்க இறைக்க ஊறியது. ஐந்தே ஆண்டுகளில், 1962இல், சுரங்கம் மூடப்பட்டது. நம் நெய்வேலியும் 1956இல் தொடங்கிய நிறுவனத்தைச் சுற்றி எழுந்த சுரங்க நகரம்தான். அங்கும் நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைத்தால்தான் பழுப்பு நிலக்கரியைத் தொடமுடியும். நெய்வேலியில் மோட்டார் ஜெயித்தது, ராத்தஸில் தண்ணீர் ஜெயித்தது.

சுரங்கம் போனபின் கிளென்ராத்தஸ் பாழூராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. வளர்ச்சிக் கழகம் மின்னணுத் தொழிற்சாலைகளைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தது. 1968இல் நகரத்துக்கென்று ஒரு கலைஞரையே சம்பளத்துக்கு வைத்தது. டேவிட் ஹார்டிங் என்ற அந்தச் சிற்பி, கட்டட வேலை நடக்கும்போதே கூட இருந்து, சுரங்கப்பாதைச் சுவர்களிலும் குடியிருப்பு முனைகளிலும் சிற்பங்கள் செய்தார். திட்டத்தின் மையமே உடைந்த பிறகும் ஊரைத் தாங்கிப் பிடித்தது அதைப் பார்த்துக்கொள்ள ஓர் அமைப்பு இருந்ததுதான்.

கம்பர்நால்டில் எதிர்ப்பாடம். அதன் நகர மையத்தை ஜெஃப்ரி காப்கட் என்ற கட்டடக் கலைஞர் ஒரே ராட்சசக் கான்கிரீட் கட்டடமாக வடிவமைத்தார். கடைகள், அலுவலகம், நூலகம், உச்சியில் வீடுகள், அடியில் கார்களுக்கான சாலை. 1967இல் முதற்கட்டம் திறந்தபோது உலகக் கட்டடக் கலை இதழ்கள் கொண்டாடின. பிறகு கான்கிரீட் ஒழுகியது, கூடுதல் கட்டடங்கள் ஒட்டுப்போட்டதுபோல் சேர்ந்தன. 1990களின் நடுவில் வளர்ச்சிக் கழகங்கள் எல்லாம் கலைக்கப்பட்டன. சொத்துகள் கைமாறின, பிரிந்தன. 2001இலும் 2005இலும் ஸ்காட்லாந்தின் மிக அவலமான ஊர் என்ற கேலிப் பரிசு கம்பர்நால்டுக்குக் கிடைத்தது. இப்போது அந்த மையத்தை இடித்துவிட்டு வேறு கட்டும் முடிவுக்கு உள்ளூர் மன்றம் வந்திருக்கிறது.

தேர்வீதிக்குக் கேட்ட கேள்வியை இங்கேயும் கேட்கலாம். 2016இல் வெளியான ஒரு பொதுச் சுகாதார ஆய்வு, கிளாஸ்கோ மக்கள் ஏன் ஒத்த நகரங்களின் மக்களைவிட இளவயதில் இறக்கிறார்கள் என்று ஆராய்ந்தது. கைத்தொழில் தெரிந்த இளங்குடும்பங்களைப் பொறுக்கியெடுத்துப் புதுநகரங்களுக்கு அனுப்பிவிட்டு, முதியவர்களையும் வறியவர்களையும் பழைய நகரில் விட்டுவந்த அரசுக் கொள்கைக்கும் அதில் பங்கு உண்டு என்று அது காட்டியது. புது ஊர் எங்கே எழுந்தாலும், அதன் வாசலில் யாரையோ நிறுத்திவிட்டுத்தான் எழுகிறது.

கெடிஸ் பார்த்த கோயில் நகரங்கள்

இந்த இரண்டு உலகங்களையும் இணைத்த மனிதர் ஒருவர் உண்டு. பாட்ரிக் கெடிஸ், 1854இல் ஸ்காட்லாந்தில் பிறந்த உயிரியலாளர். எடின்பரோவின் வசதியான புதுநகரில் குடியிருக்க வேண்டிய பேராசிரியர், குடும்பத்தோடு பழைய நகரத்தின் இடிந்த அடுக்குமாடிக்குக் குடிபோய், சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதிலிருந்து சீர்திருத்தத்தைத் தொடங்கியவர். அவரைச் சென்னைக்கு அழைத்தவர் ஆளுநர் பென்ட்லண்டு பிரபு, அவரும் ஸ்காட்லாந்துக்காரர்.

நகரங்கள் பற்றிய தன் கண்காட்சியைக் கெடிஸ் கப்பலில் அனுப்பிவைத்தார். 1914 செப்டம்பரில் சென்னைமீது குண்டு போட்ட அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், அடுத்த மாதம் அந்தக் கப்பலை மூழ்கடித்தது. பல ஆண்டு சேகரித்த வரைபடங்கள் கடலுக்குள் போயின. நண்பர்கள் அவசர அவசரமாகத் திரட்டி அனுப்பிய மாற்றுப் படங்களை வைத்து 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தது. மதுரை, தஞ்சாவூர் முதலிய ஊர்களுக்கு அவர் அறிக்கைகள் எழுதினார்.

அன்றைய நகராட்சிப் பொறியாளர்களின் வழக்கம், நெரிசலான பகுதியை இடித்து நேர்ச்சாலை போடுவது. கெடிஸ் அதை எதிர்த்தார். இங்கே ஒரு சுவர், அங்கே ஒரு பாழ்மனை என்று தேவையான இடத்தில் மட்டும் கத்தி வைத்தால் ஊர் பிழைக்கும் என்றார். கோயில் நகரங்களைக் குழப்பமான பழம்பட்டணங்களாகப் பார்க்காமல், திட்டமிட்டு வளர்ந்த நகரங்களாக மதித்து 1919இல் தனிக் கட்டுரையே எழுதினார். இந்தூரில் இருந்தபோது பிளேகை விரட்டத் தீபாவளி ஊர்வலத்தைப் பயன்படுத்திக்கொண்டார். ஊர்வலம் எந்த வீதி வழியாக வரும் என்பதை, எந்தத் தெருக்காரர்கள் நன்றாகச் சுத்தம் செய்கிறார்கள் என்பதை வைத்து முடிவுசெய்வோம் என்று அறிவித்தார். ஊர் துடைத்துவைத்ததுபோல் ஆனது. தென்காசித் தேர் நூற்றாண்டுகளாகச் செய்துவந்த வேலையை ஒரு ஸ்காட்லாந்துக்காரர் புரிந்துகொண்டு கையாண்டார் என்று இதைச் சொல்லலாம்.

யாரும் அமைக்காத ஊர்

தென்காசியிலிருந்து ஐந்து கிலோமீட்டர் போனால் குற்றாலம். வழியில் மேலகரம் வருகிறது, குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த ஊர். காசிமேஜர்புரம் என்று ஓர் ஊரும் பக்கத்தில் இருக்கிறது. தென்காசிக்குப் பக்கத்தில் இருப்பதால் காசி விசுவநாதரோடு சம்பந்தப்பட்ட பெயர் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். உண்மையில் அது காசமேஜர் என்ற வெள்ளைக்காரக் கம்பெனி அதிகாரியின் பெயர். ஜாதிக்காயும் கிராம்பும் குற்றால மலையடிவாரத்தில் கம்பெனிக்காரர்கள் பயிரிட்டுப் பார்த்த காலத்தின் மிச்சம். 1830களில் ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் இங்கே செடிகொடிகளைச் சேகரித்தார். தென்னிந்தியத் தாவரங்களைப் பற்றி அவர் வெளியிட்ட படத் தொகுதிகளில் குற்றாலத்தின் பெயர் திரும்பத் திரும்ப வருகிறது.

குற்றாலத்தின் அதிசயம் அதன் உயரமின்மை. கடல் மட்டத்திலிருந்து இருநூறு மீட்டர்கூட இல்லை. ஊட்டி, கொடைக்கானலைப்போல் மலைமேல் ஏற வேண்டியதில்லை. ஆரியங்காவு இடுக்கில் வரும் காற்றும் சாரலும் ஜூன் முதல் மூன்று மாதம் சமவெளிக்கே குளிரைக் கொண்டுவந்துவிடும். பாளையங்கோட்டையிலிருந்த வெள்ளை அதிகாரிகள் வெயிலுக்கு இங்கே ஒதுங்கினார்கள். திருவிதாங்கூர் அரசர் அரண்மனை கட்டிக்கொண்டார். மாநில எல்லை 1956இல் மாறி, செங்கோட்டை தமிழ்நாட்டுக்கு வந்தபிறகும் அந்த அரண்மனை கேரள அரசின் சொத்தாகவே இருக்கிறது. ஜமீன்தார்களும் மடத்தார்களும் பங்களாக்களையும் சத்திரங்களையும் எழுப்பினார்கள். ரசிகமணி டி.கே.சி. இங்கேயே தங்கி, அருவிச் சத்தத்தின் பின்னணியில் கம்பனைப் பேசினார்.

ஆனால் குற்றாலத்தை யாரும் ஊராக அமைக்கவில்லை. சித்திரசபையும் குற்றாலநாதர் கோயிலும் உண்டு, கோயில் நடத்தும் பராசக்தி மகளிர் கல்லூரி 1964 முதல் உண்டு. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று அருவிக்கு அருவி கூட்டம் சேர்ந்தது, கூட்டத்துக்குப் பின்னால் கடை சேர்ந்தது, கடைக்குப் பின்னால் விடுதி சேர்ந்தது. ஆண்டில் ஒன்பது மாதம் சில ஆயிரம் பேர் குடியிருக்கும் பேரூராட்சி, சீசனில் ஒரு மாநகரத்தின் கூட்டத்தைத் தாங்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையில் ஆனி பிறந்ததும் டீக்கடைக்கு டீக்கடை கேட்கிற கேள்வி ஒன்றுதான்: “குத்தாலத்துல தண்ணி விழுதா?” விழுகிறது என்ற பதில் வந்தால் வேன்கள் கிளம்பிவிடும். கழிப்பிடமும் வண்டி நிறுத்துமிடமும் குப்பைக் கிடங்கும் அந்தக் கேள்விக்குள் வருவதில்லை.

விளைவுகள் நீதிமன்றம்வரை போயின. எண்ணெயும் சோப்பும் ஷாம்பூவும் அருவி நீரில் கலந்து சிற்றாற்றில் இறங்குவதைக் கண்டு, 2014இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அருவிகளில் அவற்றைப் பயன்படுத்தத் தடை விதித்தது. 2022இல், தனியார் விடுதிகள் நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி உண்டாக்குவது பற்றிய வழக்கும் அதே நீதிமன்றத்துக்கு வந்தது. 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று பாய்ந்த வெள்ளம் 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோனது. அருவி தன் பழைய வழக்கப்படிதான் வந்தது. மேலே மழை கொட்டுகிறது என்று கீழே குளிப்பவர்களுக்குச் சொல்லும் ஏற்பாடு போதாமல் இருந்தது.

தென்காசியில் தேர் செய்யும் வேலையைக் குற்றாலத்தில் செய்ய ஆள் இல்லை. எல்லாரும் அனுபவிக்கிற தண்ணீருக்குக் காவற்காரர் நீதிமன்றம் மட்டும் என்றால், அது வீட்டைத் துடைக்கப் போலீசை அழைப்பது போன்றது.

பிளந்த கோபுரம்

பாண்டியன் பயந்த பழுது வராமல் இல்லை. தென்காசிக் கோபுரம் உச்சி இழந்து, நடுவே பிளந்து, பல தலைமுறைகள் மொட்டைக் கோபுரமாக நின்றது. இடி விழுந்தது என்பார்கள், தீப்பிடித்தது என்பார்கள். அந்த மொட்டைக் கோபுரத்தின் கீழேதான் தென்காசி வாழ்ந்தது. 1904இல் கொல்லத்துக்கும் செங்கோட்டைக்கும் இடையே மலையைக் குடைந்து ரயில் வந்தது. தென்காசி மலைப்பாதையின் வாசலூர் என்ற பழைய தொழிலை இரும்புத் தண்டவாளத்தில் தொடர்ந்தது. 1927இல் விருதுநகர் பாதையும் சேர்ந்தது. கோபுரம் உடைந்து கிடந்தாலும் திருவிழா நிற்கவில்லை, தேர் நிற்கவில்லை, வீதிகள் சுருங்கவில்லை.

கடைசியில் கோபுரம் மறுபடி எழுந்தது. தினத்தந்தி அதிபர் சிவந்தி ஆதித்தனார் முன்னின்று நடத்திய திருப்பணியில் ஒன்பது நிலைகளோடு, சுமார் 180 அடி உயரத்தில் கட்டி, 1990இல் குடமுழுக்கு நடந்தது. பத்திரிகை அதிபர், அறநிலையத் துறை, காசு கொடுத்த ஊர்க்காரர்கள், சுதை வேலைக்காரர்கள். இவர்களில் எவரையும் பராக்கிரம பாண்டியன் கற்பனை செய்திருக்க முடியாது. ஆனால் அவன் பாட்டு இவர்களைத்தான் குறித்திருந்தது. எவராயினும் என்ற ஒரு சொல்லில், தன் வாரிசுகளுக்கு மட்டும் எழுதிவைக்காமல் வருகிற யாருக்கும் எழுதிவைத்தது அவனுடைய கெட்டிக்காரத்தனம். ஸ்காட்லாந்தின் வளர்ச்சிக் கழகங்களுக்கு முடிவு நாள் இருந்தது. பாண்டியனின் பாட்டுக்கு இல்லை.

மறுபடி ஒரு புதுநகர்

தென்காசி இப்போது மறுபடி புதுநகராகிக்கொண்டிருக்கிறது. 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரித்துத் தனி மாவட்டமானது. மாவட்டத் தலைநகரம் என்றால் ஆட்சியர் அலுவலகம், அதைச் சுற்றி மற்ற அலுவலகங்கள், அவற்றைச் சுற்றி மனைப் பிரிவுகள். 2018இல் புனலூர் மலைப்பாதை அகலப்பாதையாகி, கேரளத்துக்கு ரயில் மறுபடி ஓடுகிறது. பக்கத்திலுள்ள மத்தளம்பாறையில் 2011இல் ஜோஹோ நிறுவனம் மென்பொருள் அலுவலகம் திறந்தது. நெல்வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் நடுவே கணினி முன் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களைப் பார்க்கும்போது, சுரங்கம் போனபின் மின்னணுத் தொழிலுக்கு மாறிய கிளென்ராத்தஸ் நினைவுக்கு வராமல் இருக்காது.

வயல்கள் மனைகளாகின்றன. மேலகரம், இலஞ்சி, குற்றாலம், தென்காசி என்ற பெயர்ப்பலகைகளுக்கு இடையில் இருந்த பச்சை ஆண்டுக்கு ஆண்டு மெலிகிறது. நம் 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்திலேயே புதுநகர் வளர்ச்சிக் குழுமம் அமைக்க இடம் இருக்கிறது. வரைபடம் போடுவதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்கும்போது, பூங்காவுக்கு இவ்வளவு, சாலைக்கு இவ்வளவு என்று தானமாக எழுதிக்கொடுப்பதும் வழக்கம். எழுதிக்கொடுத்த பூங்காவில் சீமைக்கருவேலம் முளைப்பதும் வழக்கம். முதற்கேள்விக்குப் பதில் எழுதிவிட்டு இரண்டாவதை விட்டுவிடுகிற அதே தவறு.

தேர்போல ஒன்று வேண்டும் என்று சொல்லும்போது எல்லா ஊரிலும் தேர் செய்யச் சொல்லவில்லை. ஆண்டுக்கொரு முறை ஊரே கூடி அளந்து பார்க்கிற ஒரு நாள் வேண்டும். தலையணை என்ற அணைக்கட்டிலிருந்து கீழே ஒவ்வொரு அணைக்கட்டுக்கும் சிற்றாறு என்ன நிறத்தில் வந்து சேருகிறது என்று, மடை திறக்கும் முன் விவசாயிகளும் விடுதிக்காரர்களும் ஒரே கரையில் நின்று பார்க்கிற நாளாக அது இருக்கலாம். சீசன் தொடங்கும் முன் அருவிக்கரைகளை ஊர் சேர்ந்து சோதிக்கிற நாளாக இருக்கலாம். அன்றைக்கு வடம் பிடிக்கிறவர்களில் யாரையும் வாசலில் நிறுத்தக்கூடாது என்பது மட்டும் புதிதாகச் சேர்க்க வேண்டிய விதி.

சாரல் நாளில் கோபுர வாசலில் ஓரமாக நின்று பார்த்தால் ஒன்று தெரியும். துடைப்பத்தோடு ஓர் அம்மா காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். கூட்டித் தள்ளிய சருகும் பூவும் மறுபடி உள்ளே வரும், மறுபடி தள்ளுவார். கல்லில் பாண்டியன் பணிந்தது அரசர்களை மட்டுமல்ல. பழுது என்பது கோபுரம் பிளப்பதாகவும் இருக்கலாம், வாசலில் சேரும் சருகாகவும் இருக்கலாம். அந்த வணக்கத்தில் இந்த அம்மாவுக்கும் பங்கு உண்டு.